பாரணை இலையில் அகத்தியும் நெல்லியும்

ஏகாதசியன்று உபவாசம் இருந்து, இரவு கண்விழித்துப் பெருமாளைச் சிந்தித்த அன்பர்கள், மறுநாள் துவாதசியன்று காலையில் பாரணை செய்து விரதத்தை நிறைவு செய்வது தொன்றுதொட்டு வரும் மரபாகும். அன்றைய இலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் தவறாமல் இடம்பெற வேண்டும் என்பர் பெரியோர். சுண்டைக்காயும் உடன் சேரும். பல இல்லங்களில் அன்று சமையலில் புளி சேர்ப்பதில்லை. புளிப்புக்கு நெல்லியோ எலுமிச்சையோதான். இந்த ஏற்பாட்டை வெறும் சம்பிரதாயம் என்று கருதி, கீரை கிடைக்காத நாளில் விட்டுவிடுவோர் உண்டு. ஒரு சிறு கிண்ணம் கீரையும் ஒரு நெல்லிக்காயும் ஒரே இலையில் சேரும்போது உடலுக்குள் நிகழ்வதை அறிந்தால் அவ்வாறு விட மனம் வராது.

அகத்தி, அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர்வதற்கென்றே இதனை வரிசையாக நடுவர். திருக்கோயில் வாசல்களில் கட்டுக் கட்டாக விற்கப்படுவதும், பக்தர்கள் வாங்கிக் கோசாலைப் பசுக்களுக்கு அளிப்பதும் இக்கீரையே. பசுவுக்கு அளிக்கும் கட்டிலிருந்து ஒரு பிடி வீட்டுக்கும் எடுத்துச் சென்றால் நன்று! நூறு கிராம் பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கால்சியம் இருக்க, அதே எடையுள்ள அகத்திக்கீரையில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் உள்ளது. அது முழுவதும் உடலில் சேர்ந்துவிடாது என்றாலும், பாலுக்கு வழியில்லாதோர்க்கு இது பெரும் துணை. கண்பார்வையைக் காக்கும் வைட்டமின் ஏ சத்தாக மாறவல்ல பொருளும் இதில் மிகுதி. இரும்புச்சத்தும் உண்டு. இங்கு விரிவாகக் காண வேண்டியது அந்த இரும்புச்சத்தைப் பற்றியே.

உணவில் உள்ள இரும்பு இருவகைப்படும். புலால் உணவில் உள்ள இரும்பின் ஒரு பகுதி இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள வடிவிலேயே இருப்பதால், குடல் அதனை எளிதில் ஏற்கும். கீரை, பயறு, தானியம் ஆகியவற்றில் உள்ள இரும்பு அத்தகையது அன்று. அவற்றிலேயே உள்ள ஆக்சலேட், ஃபைட்டேட் போன்ற பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலில் கரையவிடாமல் தடுக்கின்றன. உண்ட கீரையின் இரும்பில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேரும், எஞ்சியது வீணாகிறது. மரக்கறி உணவே கொள்ளும் குடும்பங்களில், வேளை தவறாமல் கீரை உண்டும் இரத்தம் குறைந்து காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தத் தடையை நீக்க வல்லது வைட்டமின் சி. அது இரும்பைக் குடல் ஏற்கத்தக்க வடிவத்திற்கு மாற்றுகிறது. மேலும், குடலின் காரத் தன்மையில் படிந்துவிடாமல் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கீரையும் வைட்டமின் சியும் ஒரே வேளை உணவில் ஒன்றாக வயிற்றுக்குள் செல்ல வேண்டும். காலையில் நெல்லியும் இரவில் கீரையும் உண்டால் இப்பயன் கிட்டாது. துவாதசி இலையில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருப்பதன் அருமை இங்கேதான் விளங்கும். இரும்பு, வைட்டமின் என்ற பெயர்கள் வழங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அமைந்த வழக்கம் அது.

நெல்லியின் பெருமையைத் தமிழர்க்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. தகடூர் மன்னன் அதியமான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்த செய்தியைப் புறநானூற்றின் 91ஆம் பாட்டு காட்டும். துவாதசி நாளில் பிட்சைக்கு வந்த ஆதிசங்கரருக்கு ஏழைப் பெண் ஒருத்தி இட்டதும் ஒற்றை நெல்லிக்கனியே என்பது கனகதாரா தோத்திரம் பிறந்த வரலாறு. கார்த்திகை மாதத் துவாதசியில் துளசிக்கு அருகே நெல்லிக் கிளையை நட்டு வழிபடுவர். நெல்லி காய்க்கும் பருவமும் அதை ஒட்டியே வருகிறது.

பழைய உணவு அட்டவணைகளில் நூறு கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று காணப்படும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையில் அது ஏறத்தாழ 250 மில்லிகிராம்தான். அளவு குறைந்துவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் ஒரு நாள் தேவை 65 மில்லிகிராம் என அந்நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. நடுத்தர அளவிலான ஒரே ஒரு நெல்லிக்காய் அதற்குப் போதும். கருத வேண்டியது முழுநெல்லி எனப்படும் பெருநெல்லியையே. வீட்டுத் தோட்டத்து அரைநெல்லி வேறு மரம், அதில் இச்சத்து இந்த அளவுக்கு இல்லை.

வைட்டமின் சி வெப்பத்தில் அழியக் கூடியது. நெல்லியை வேகவைக்காமல் தேங்காய், பச்சைமிளகாயுடன் அரைத்துத் தயிரில் கலந்து செய்யும் பச்சடியே பாரணைக்கு ஏற்றது. எலுமிச்சையாயின், பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே பிழிய வேண்டும்.

இவ்வளவும் ஏன் கூறப்படுகிறது? 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இது நூற்றுக்கு 53. வழிபாட்டு வரிசையில் நிற்கும் இளம்பெண்களிலும் தாய்மார்களிலும் இருவரில் ஒருவர் என்று கொள்ளலாம். படியேறும்போது மூச்சு வாங்குதல், ஓயாத களைப்பு, தலைசுற்றல், வெளிறிய கண்ணிமை ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றை வயதின் மேலும் வேலைப்பளுவின் மேலும் போட்டுப் பேசாதிருந்துவிடுவது நம் இல்லப் பெண்களின் இயல்பு. கருவுற்ற காலத்தில் இக்குறை மிகுந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேரலாம். ஆணுக்கு நாள்தோறும் 19 மில்லிகிராம் இரும்பு போதுமென்றிருக்க, பெண்ணுக்கு 29 மில்லிகிராம் தேவை. எல்லோர்க்கும் பரிமாறிய பின் எஞ்சியதை உண்ணும் தாயின் இலையில்தான் கீரை மிகக் குறைவாக இருக்கிறது!

ஏகாதசி மாதத்திற்கு இருமுறையே வரும். இரு நாள் கீரையால் இக்குறை நீங்காது. எனவே பாரணை இலையின் முறையை அன்றாட இலைக்கும் கொண்டுவருதல் வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலுடன் ஒரு நெல்லிக்காய்த் துண்டு, கொண்டைக்கடலைச் சுண்டலின் மேல் எலுமிச்சைச் சாறு, கேழ்வரகுக் களியை அடுத்து ஒரு கொய்யாப்பழம் என எளிதாகவே செய்யலாம். கடலையையும் பயற்றையும் இரவு முழுதும் ஊறவைப்பதாலும் முளைகட்டுவதாலும் இரும்பைத் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. இரும்புச் சட்டியில் சமைத்தாலும் சிறிது இரும்பு உணவில் சேரும். வெல்லத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லப்படுகிறது. நாம் உண்ணும் ஒரு துண்டில் கிடைக்கும் இரும்பு சொற்பமே.

பாரணை முடிந்த கையோடு காபி அருந்தும் பழக்கமும் பல இல்லங்களில் உண்டு. ஒரு நாள் முழுதும் உபவாசம் இருந்தவர்க்கு அந்த ஆவல் எழுவது இயல்புதான். எனினும் காபியிலும் தேநீரிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பற்றிக்கொள்வதால், நெல்லியால் பெற்ற பயனின் ஒரு பகுதி கைநழுவிப் போகிறது. உணவுக்கும் காபிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுதல் நலம்.

சுண்டைக்காய் வயிற்றுப் பூச்சிகளை அகற்றும் என்பது சித்த மருத்துவக் கூற்று. இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவுக்கு அதனை மட்டும் நம்பியிராமல், அரசு வழங்கும் குடற்புழு நீக்க மாத்திரையை உட்கொள்ள வேண்டும். சித்த மருந்து உண்போர் அகத்தியைத் தவிர்ப்பது மரபாதலால், அவர்கள் தம் மருத்துவரைக் கேட்டு நடக்கலாம். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர்கள் மருத்துவரைக் கலந்தே உபவாசம் இருத்தல் வேண்டும்.

ஏற்கெனவே இரத்தசோகை முற்றியிருப்பின் கீரையும் கனியும் மட்டும் போதா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளலாம். அது கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்கும், கருவுற்றவர்க்கு 11 கிராமுக்கும் குறையலாகாது. கர்ப்பிணிகளுக்கு அங்கே இரும்புச்சத்து மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. அம்மாத்திரையையும் காபியுடன் விழுங்காமல், எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிச் சாற்றுடனோ உட்கொள்வது நன்மை பயக்கும்.