சுண்டெலியின் உடலில் ஓர் எழுத்துப் பிழை

அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு ஓர் எழுத்தின் வலிமை நன்கு தெரியும். ‘ஏற்றுக்கொள்க’ என்பது ‘ஏற்றுக்கொல்க’ என்று அச்சேறிவிட்டால், சொல்லின் தோற்றம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், பொருளோ கெட்டுவிடும். உயிர்களின் உடலிலும் இத்தகைய பிழை நேர்வதுண்டு. விஞ்ஞானிகள் அதனைச் சடுதி மாற்றம் என்பர்.

அமெரிக்காவில் ஜாக்ஸன் ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்க்கப்பட்ட சி3எச்/எச்இஜே என்னும் சுண்டெலி இனம் 1960-களிலேயே ஆராய்ச்சியாளரைத் திகைக்க வைத்தது. சால்மொனெல்லா முதலிய சில கிருமிகளின் மேலுறையில் எண்டோடாக்ஸின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. மற்றச் சுண்டெலிகளை மாய்க்கும் அளவு அதைச் செலுத்தியும் இவ்வினம் அசையவில்லை. ஆனால் உயிருள்ள சால்மொனெல்லாக் கிருமிகள் மிகச் சில உடலிற் புகுந்தாலும் மாண்டது. நஞ்சுக்கு அஞ்சாத உயிர் கிருமிக்கு இரையாவானேன்?

டல்லஸ் நகரில் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் பல ஆண்டுகள் தேடி, 1998-இல் விடை கண்டனர். டி.எல்.ஆர்.4 என்ற புரதத்துக்குரிய மரபணுவில் ‘சி’ என்ற எழுத்து ‘ஏ’ ஆகியிருந்தது. அவ்வளவுதான்! இக்கண்டுபிடிப்பு 2011-இல் பாய்ட்லருக்கு நோபெல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத் தந்தது.

அப்புரதம் 835 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் ஒரு முனை உயிரணுவுக்கு வெளியே வளைந்து நின்று, துணைப் புரதமொன்றின் உதவியால் நஞ்சை இனங்காண்கிறது. மறுமுனை உள்ளே செய்தியைச் சொல்கிறது. உள்முனையில், 712-ஆம் இடத்தில், புரோலின் இருக்கவேண்டிய இடத்தை ஹிஸ்டிடின் பிடித்துக்கொண்டது.

இதனால் புரதம் உருக்குலைந்து போயிருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அப்படியன்று. மனிதரிடமுள்ள இதன் உறவுப் புரதமான டி.எல்.ஆர்.2-இல் அதே மாற்றத்தைச் செய்து, உள்முனையைப் படிகமாக்கி, எக்ஸ் கதிரால் ஆராய்ந்த முடிவு 2000-இல் வெளிவந்தது. மடிப்புகள் ஏறத்தாழ மாறவேயில்லை! அந்தப் புரோலின், மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு வளையத்தில் அமர்ந்திருக்கிறது. செய்தியை வாங்கிச் செல்லும் புரதம் வந்து பொருந்துவதற்கு அந்த வளையம் வேண்டும். பொருத்தம் தவறியதும் செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது.

இனிப் புதிர் அவிழும். எண்டோடாக்ஸின் தானாகக் கொல்வதில்லை. அச்செய்தி கேட்டு உடல் அளவுமீறி எழுப்பும் கொந்தளிப்பே கொல்கிறது. செய்தி போகாத சுண்டெலியில் கொந்தளிப்பும் இல்லை. ஆனால் மெய்யாகவே சால்மொனெல்லா நுழையும்போதும் அதே மௌனந்தான். காவற்படை புறப்படுவதற்குள் கிருமிகள் பெருகிவிடுகின்றன.