கட்டற்ற மென்பொருளும் தூர்வாரும் பணியும்

தூத்துக்குடிக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அக்காலத்து நிவாரணத் தொகையை எதிர்நோக்கியிருக்கும் மீனவக் குடும்பத்திற்கு, பட்டியலில் தன் பெயர் பிழையின்றி இடம்பெறுவது சிறு செய்தி அன்று.

இத்தகைய பட்டியல்கள் இன்று கணினியிலேயே ஆயத்தமாகின்றன. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களை விலையின்றிப் பெறலாம். அவற்றின் மூலநிரலை எவரும் பார்த்துத் திருத்தலாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இவ்வகையினதே. எனினும், அரிய காரியங்களை எளிதில் முடிக்கும் இவை, அச்சிடுதல் போன்ற அன்றாட வேலையில் ஏமாற்றம் தருவதுண்டு. திரையில் செம்மையாகத் தோன்றும் பட்டியலின் கடைசிக் கட்டம் தாளில் மறைந்துவிடுகிறது. மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள், நேற்றுவரை இயங்கிய அச்சுப்பொறி அசைய மறுக்கிறது. ஊழியர் சலிப்புறுகிறார்; மீனவர் மீண்டும் ஒருநாள் வந்து போகிறார்.

இதற்குக் காரணம் யாது? இம்மென்பொருள்களில் பல, தன்னார்வலர் உழைப்பால் வளர்பவை. புதுக் கிணறு வெட்டப் பலர் திரள்வர். பழைய ஊருணியைத் தூர்வார ஆள் கிடைப்பது அரிது. அச்சுப்பொறி நிறுவனங்கள் சில, லினக்ஸுக்குரிய இயக்க நிரலை வழங்குவதுமில்லை. ஆனால் எல்லாக் குறையும் மென்பொருளுடையது அன்று. பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். தமிழக அரசு 2010-ல் ஏற்ற யூனிகோடு முறையைக் கையாண்டால் இத்தொல்லை நீங்கும்.

1961-ஆம் ஆண்டுடன் இக்கரையில் நின்றுவிட்ட முத்துக்குளிப்பை நினைவுகூர்வோம். குளிப்பை அறிவிக்குமுன், பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துச் சோதிப்பது வழக்கம். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். முழுப் பட்டியலுக்கு முன் ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். புதுப்பித்தலை முதலில் ஒரு கணினியில் மட்டும் சோதிக்க வேண்டும். பணி மிகுந்த நாட்களில் அதனைத் தவிர்க்க வேண்டும். நீண்டகால ஆதரவுள்ள பதிப்பையே அலுவலகத்திற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறை கண்டவிடத்து முணுமுணுத்து அமைவது போதாது. மென்பொருளின் பதிப்பு எது, என்ன செய்தோம், என்ன நேர்ந்தது என்ற மூன்றையும் தெளிவாக எழுதி, அம்மென்பொருளின் பிழைப் பதிவேட்டிற்கு அனுப்புதல் வேண்டும். ஓரிடத்தில் திருத்திய பிழை, அம்மென்பொருளைப் பயன்படுத்தும் ஊர் அனைத்திற்கும் பயன் தரும். ஊருணி நீர் ஊரார்க்குப் பொது; தூர்வாரும் கடமையும் பொதுவே.