யாருடைய கணக்கில்? தாம்பரம் வட்டாரத்தில் புதிய சபைகளும் திருச்சபைகளின் கூட்டுப்பணியும்

1938ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் முதல் 29ஆம் நாள் வரை தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில், அனைத்துலக மிஷனெரி மன்றத்தின் மாநாடு கூடிற்று. சீன நாட்டின் ஹாங்சௌ நகரில் கூடுவதாயிருந்த அம்மாநாடு, அங்கு மூண்ட போரின் காரணமாக இந்தியாவுக்கு மாற்றப்பட்டது. ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 471 பேர் வந்திருந்தனர். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளின் இளைய திருச்சபைகளைச் சார்ந்தவர். கண்ணால் காணத்தக்க ஒருமைப்பாட்டைத் தாங்கள் வேண்டி நிற்பதாக இளைய திருச்சபைகளின் பேராளர்கள் ஒருமுகமாக அங்கு எடுத்துரைத்தனர். பிளவுண்ட சபை நற்செய்திக்குத் தடையாகிறது என்பது அவர்கள் நூலில் கற்றதன்று, தெருவில் கண்டது.

அந்நாளில் தாம்பரம் புதர்க்காடுகளும் ஏரிகளும் சூழ்ந்த சிற்றூர். கல்லூரி நகரின் நடுவிலிருந்து அங்குக் குடியேறி ஓராண்டே கழிந்திருந்தது. இன்றோ, 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சி 70 வார்டுகளைக் கொண்டுள்ளது. இவ்வட்டாரத்தில் புதிய சபைகள் எழுந்துகொண்டேயிருக்கின்றன. அவற்றைத் திருச்சபைகள் சேர்ந்து நிறுவுகின்றனவா, தனித்தனியே நிறுவுகின்றனவா? சேர்ந்து நிறுவுவதென்றால் அதன் பொருள் யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எல்லைப் பங்கீடும் நகரமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் தமிழகத்தை ஒருவகையாகப் பங்கிட்டுக்கொண்டன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்களும், தென் திருவிதாங்கூரில் இலண்டன் மிஷனும், மதுரையில் அமெரிக்கன் போர்டும், ஆர்க்காட்டில் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையும், தரங்கம்பாடி வட்டாரத்தில் லுத்தரன் மிஷனும், செங்கற்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனும் உழைத்தன. ஒரு சங்கம் பணிபுரியும் ஊரில் மற்றொன்று நுழைவதில்லை. ஒரு சபையில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவரை மற்றொரு சபை சேர்த்துக்கொள்வதில்லை. இவ்வேற்பாடு எவ்விடத்தும் முழுமையாகக் கைக்கொள்ளப்பட்டதென்று சொல்லவியலாது. எனினும் அதன் நன்மை பெரிது. சிற்றூரில் ஒரே தெருவில் இரு ஆலயங்கள் எழாதபடி அது காத்தது. மற்றொருவர் இட்ட அடித்தளத்தின்மேல் கட்டாதிருக்க விரும்பிய பவுலின் எண்ணத்தை (ரோமர் 15:20) அது ஓரளவு பின்பற்றிற்று.

ஆயின் அதன் குறைகள் இரண்டு. முதலாவது, ஒருவர் எத்திருச்சபையைச் சார்வது என்பதை அவருடைய நம்பிக்கையன்று, அவர் பிறந்த மாவட்டமே உறுதி செய்தது. இரண்டாவது, பெருநகரங்கள் பொதுவாக இவ்வேற்பாட்டிற்குப் புறம்பாக நின்றன. சென்னை எல்லாருக்கும் திறந்த களமாயிருந்தது. ஆகவே சிற்றூரில் பிரித்து வைக்கப்பட்டவர்கள் நகரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறியபோது, என்ன செய்வதென்பதற்கு எல்லைப் பங்கீட்டில் விடையில்லை.

2. மின்சார இரயிலும் தென்னிந்தியத் திருச்சபையும்

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. வேலை நகரில், வீடு புறநகரில் என்னும் வாழ்க்கைமுறைக்கு அது வழி திறந்தது. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும், 1908 முதல் ஒன்றிணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையாரும் ஒரே திருச்சபையாயினர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்துப் பார்க்கவேண்டும். நகரின் நடுவிலுள்ள பழைய ஆலயங்கள் 1947க்குப் பின்னரும் தத்தம் பழைய வழிபாட்டு மரபையும் குடும்பத் தொடர்புகளையும் விடாது வைத்திருந்தன. ஆனால் புறநகரில் புதிதாகக் கூடிய சபைக்கு அத்தகைய முன்வரலாறு இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஆசிரியையும், நாகர்கோவிலிலிருந்து வந்த இரயில்வே ஊழியரும், செங்கற்பட்டுச் சிற்றூரிலிருந்து வந்த தொழிலாளியும் ஒரே பாயில் அமர்ந்து வழிபட்டபோதுதான் 1947இல் கையெழுத்தான ஐக்கியம் நடைமுறைக்கு வந்தது. புதிய சபையே ஐக்கியத்தின் முதற்களம் என்று இதனால் துணிந்து கூறலாம்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஊரும் உறவும் சாதியும் புறநகருக்குப் பின்தொடர்ந்து வருகின்றன. ஒரே மாவட்டத்தார் ஒன்றுகூடி, பிறந்த ஊரின் ஆலயத்தை இங்கு மறுபடியும் எழுப்ப விழைவது இயல்பே. புலம்பெயர்ந்தோரின் தனிமைக்கு அது ஆறுதலளிக்கும். ஆனால் நெடுநாளாக அவ்விடத்தில் வாழும் மக்கள், குறிப்பாகப் பட்டியலினக் கிறிஸ்தவர்கள், அவ்வாலயத்தில் விருந்தினராக நிற்க நேருமாயின், எல்லைப் பங்கீட்டின் முதற்குறை வேறு உருவில் திரும்பிவிட்டதென்றே கொள்ளவேண்டும்.

3. பெருக்கமா, ஒருமையா?

மத்திய இந்தியாவில் நெடுங்காலம் பணியாற்றிய டொனால்ட் மெக்காவ்ரன் 1955இல் வெளியிட்ட நூலில் தொடங்கி, சபை வளர்ச்சி பற்றிய ஒரு சிந்தனைப் பள்ளி உருவாயிற்று. மக்கள் தம் இனம், மொழி, வகுப்பு ஆகிய வேலிகளைத் தாண்டாமலே கிறிஸ்துவிடம் வர விரும்புகின்றனர். ஆகவே ஒத்த தன்மையுடைய மக்களிடையே சபைகளைப் பெருக்குக என்பது அப்பள்ளியின் கருத்து. இதன் தாக்கம் சென்னையில் விரைவில் தெரிந்தது. இந்திய சுவிசேஷத் திருச்சபையின் எஸ்றா சற்குணம் 1974இல் இந்தியாவில் சபைகளைப் பெருக்குவது குறித்தும், அமிர்தராஜ் நெல்சன் 1975இல் சென்னையின் புரொட்டஸ்டாண்டுச் சபைகள் குறித்தும் நூல்கள் வெளியிட்டனர். ஆலயமும் ஊதியம் பெறும் ஆயரும் இருந்தால்தான் சபை தொடங்கலாம் என்னும் எண்ணத்தை இவ்வியக்கம் உடைத்தது. குடிசைப் பகுதியிலும் கூடத்திலும் திண்ணையிலும் சபை கூடலாமென்று அது காட்டியது. பெந்தெகொஸ்தே சபைகள் இதை முன்னரே அறிந்திருந்தன. இலங்கையில் தோன்றிய பெந்தெகொஸ்தே மிஷன் தன் தலைமையிடத்தை இதே தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் அமைத்துக்கொண்டிருப்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின், 1978இல் வெளிவந்த தம் நூலில் மெக்காவ்ரனின் கருத்தை மதிப்புடன் ஆராய்ந்து மறுத்தார். எண்ணிக்கை பெருகுவதை அவர் வெறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையே சபையின் அளவுகோலாகுமா, மனந்திரும்புதல் என்பது வேலிகளைத் தொடாமலே நடந்துவிடுமா என்று வினவினார். 1989இல் வெளியிட்ட நூலில், நற்செய்தியை உலகிற்கு விளக்கிக் காட்டுவது அதை நம்பி வாழும் சபையே என்று வலியுறுத்தினார். அவ்வாறாயின் வேலிகளுக்குள் அடங்கிய சபை வேலிகளுள்ள நற்செய்தியையே விளக்கும்.

இரு தரப்பிலும் நாம் கற்கவேண்டியது உண்டு. ஒருமைப்பாட்டைப் பேசிக்கொண்டு புதிய பகுதிக்குப் போகாதிருப்பவர் பெருக்கத்தைப் பேசுவோரைக் குறைகூறத் தகுதியற்றவர். போகிறவரோ, தமக்கு முன் அங்குப் போனவரைக் காணாததுபோல் நடக்கலாகாது.

4. 'இடம்' என்பது எது?

1952இல் லுண்ட் நகரில் கூடிய மாநாடு திருச்சபைகளின் முன் ஒரு வினாவை வைத்தது: ஆழ்ந்த கொள்கை வேறுபாடு தனித்துச் செயற்படக் கட்டாயப்படுத்தும் காரியங்கள் நீங்கலாக, மற்ற எல்லாவற்றிலும் நாம் சேர்ந்து செயற்படவேண்டாமா? 1961இல் புது தில்லியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மூன்றாம் பேரவை, ஒவ்வோரிடத்திலும் உள்ள அனைவரும் முழுமையாக ஒன்றுபட்ட ஐக்கியமாவதே ஒருமைப்பாடு என்று விளக்கிற்று.

ஆனால் புறநகரில் 'இடம்' என்பது எது? சேலையூரில் குடியிருந்து, கிண்டியில் வேலை செய்து, ஞாயிறுதோறும் இரயிலேறி வேப்பேரியில் வழிபடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். அவர்களுடைய காணிக்கையும் கல்லறையும் திருமணப் பதிவும் ஓரிடத்தில். அண்டை வீட்டாரும் குடிநீர்ச் சிக்கலும் பிள்ளைகளின் பள்ளியும் வேறோரிடத்தில். அவர்கள் வாழும் தெருவில் அவர்களுடைய விசுவாசத்திற்கு முகமில்லை. ஆகவே புதிய சபை தோன்றவேண்டிய இடம் நிலவரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடம் மட்டுமன்று. கிறிஸ்தவர்கள் வாழ்ந்தும் சபையாக வாழாத இடமுமாகும்.

5. கூட்டுப்பணியின் படிகள்

முதற்படி, கூட்டாக நிலவரம் அறிதல். ஒரு வட்டாரத்தின் ஆயர்கள் ஒன்றாய் அமர்ந்து, வார்டு வார்டாக எங்கெங்கு எச்சபை கூடுகிறது, எம்மொழியார் வாழ்கின்றனர், எத்தெருவிற்கு ஒருவரும் போகவில்லை என்று குறித்தல் வேண்டும். பலர் போகுமிடத்திற்கு மேலும் ஒருவர் போகாமல் விடுவதும் அருட்பணியே.

இரண்டாம் படி, உறுப்பினரை மனமார விடுத்தனுப்புதல். குடிபெயர்ந்த குடும்பத்தைப் பட்டியலில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கொரு முறை சந்தா பெறுவது மேய்ப்புப் பணியாகாது. பெபேயாளை ரோமைச் சபைக்கு அறிமுகப்படுத்திய பவுலின் முறையில் (ரோமர் 16:1), அவர்கள் வாழுமிடத்துச் சபைக்கு, அது வேறு திருச்சபையாயினும், பரிந்துரைக் கடிதம் அனுப்புதல் நலம்.

மூன்றாம் படி, திருமுழுக்கும் திருவிருந்தும் குறித்து முன்னரே தெளிவடைதல். தென்னிந்தியத் திருச்சபையும் வட இந்தியத் திருச்சபையும் மார்த்தோமா திருச்சபையும் 1978இல் கூட்டு மன்றம் அமைத்தன. இவற்றிடையே திருவிருந்து ஐக்கியம் உண்டு. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபையும் பல்லாண்டு உரையாடியதுடன், 1969 முதல் மதுரை அரசரடியில் ஆயர்களைச் சேர்ந்தே பயிற்றுவிக்கின்றன. சேர்ந்து கற்றவர்கள் புறநகரில் தனித்தனியே கடை விரிப்பது விந்தையன்றோ? குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத சபைகளோடு இவ்வளவு நெருக்கம் கூடாமற்போகலாம். அங்கும், ஒருவர் பெற்ற திருமுழுக்கை இகழ்ந்து பேசாதிருத்தல், பிறர் மந்தையை ஈர்க்காதிருத்தல், நோயுற்றோரைச் சேர்ந்து பேணுதல் ஆகியவை கூடும்.

நான்காம் படி, நிலமும் பணமும். 1938 மாநாட்டையொட்டி வெளிவந்த ஏழு தொகுதிகளுள் ஒன்று முழுமையும் சபையின் பொருளாதார அடிப்படையைப் பற்றியதே. அயல்நாட்டுப் பணத்தால் எழுப்பிய கட்டடத்தை உள்ளூர்ச் சபை தாங்கவியலாது தளர்வதை அன்றே கண்டனர். இன்று புறநகர் மனையின் விலை எத்தகைய சபையையும் கடனில் ஆழ்த்தும். இங்கிலாந்தின் புதுநகரான மில்டன் கீன்ஸின் நடுவில், ஆங்கிலிக்கர், பாப்டிஸ்தர், மெதடிஸ்தர், ஐக்கிய சீர்திருத்தச் சபையார், ரோமன் கத்தோலிக்கர் ஆகியோர் சேர்ந்து எழுப்பிய ஆலயம் 1992இல் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரே கூரையின்கீழ்ப் பல திருச்சபைகள் நிலைத்திருக்க இயலுமென்பதற்கு அது சான்று. யார் பெயரில் பத்திரம், யார் பராமரிப்பு, பிரிவு நேர்ந்தால் என்ன என்பவற்றை அன்பு குன்றாதபோதே எழுதிக்கொள்வது அறிவுடைமை.

6. யாருடைய கணக்கில்?

இவை யாவும் ஏட்டளவில் எளியவை. உண்மையான சோதனை ஒன்று உண்டு. தென்புறநகரின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில், 2000 முதற்கொண்டு, நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் அரசு அடுக்குவீடுகளில் குடியேற்றப்பட்டன. வேலை தொலைவில், பள்ளி மாறிற்று, அண்டை வீட்டார் அறியாதவர். அங்குத் தோன்றும் சபை காணிக்கையால் மறைமாவட்டத்தின் வருவாயைப் பெருக்காது. அதற்கு ஆயரை அனுப்பி, பல்லாண்டு ஊதியம் கொடுத்து, இறுதியில் அது வேறொரு திருச்சபையின் பெயரில் நிலைபெறக்கூடும். அதற்கு உடன்படும் திருச்சபையே கூட்டுப்பணிக்கு ஆயத்தமானது. தன் கணக்கில் சேரும் சபையை மட்டும் நிறுவுவோர் ஒரே மேடையில் அமர்ந்தாலும் தனித்தே நிற்கின்றனர்.

அந்தியோகியாவில் சபையைத் தொடங்கியவர்கள் அப்போஸ்தலர் அல்லர். துன்பத்தால் சிதறுண்டு குடிபெயர்ந்தவர்கள் (அப்போஸ்தலர் 11:19–26). செய்தி கேட்ட எருசலேம் சபை அங்கு ஒரு கிளை திறக்கவில்லை, பர்னபாவை அனுப்பிற்று. அவர் வந்து, தாம் தொடங்காத பணியில் கடவுளின் அருளைக் கண்டு மகிழ்ந்தார். பணி பெரிதென்று கண்டு, தர்சுவுக்குச் சென்று சவுலைத் தேடி அழைத்து வந்தார். பிறர் தொடங்கியதைக் கண்டு மகிழ்தலும், தனக்கு இயலாததற்குத் துணையாளரைத் தேடிப் போதலும் இன்றைய புறநகர் ஆயருக்கு இன்றியமையாத இரு பண்புகள். மற்றப் படகிலிருந்த கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்த மீனவரும் (லூக்கா 5:7) வலை கிழியுமளவு மீன் கண்ட பின்னரே அழைத்தனர். நாமோ வலை வீசுமுன்னரே ஒருவரையொருவர் அழைக்கக் கற்கவேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இதழை மூடுமுன் ஆயரும் மாணவரும் தம்மைத் தாமே ஒன்று கேட்டுக்கொள்ளலாம்: நம் வட்டாரத்தில் பணிபுரியும் மற்றத் திருச்சபையின் ஆயர் வீட்டிற்கு நாம் கடைசியாகச் சென்றது எப்போது? கூட்டுப்பணியின் முதற்கூட்டம் அவ்வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கட்டும்.