கடல்நீர் மீன்தொட்டியில் பச்சைப் பாசி: மருந்துக்கு முன் வாளியைப் பாருங்கள்

குன்னத்துகாலில் நமது நண்பர் ஒருவர் வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியதும் வீட்டு முன்னறையில் கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை அமைத்தார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர் தண்ணீர் கொள்ளும். கோமாளி மீன் நான்கு, இறால் இரண்டு, சில நத்தைகள். கோமாளி மீன்களைப் பார்க்க அக்கம்பக்கத்துக் குழந்தைகளெல்லாம் மாலையில் கூடிவிடுவார்கள்.

மூன்றாவது மாதம் அவர் என்னைத் தேடி வந்தார். "அண்ணே, தொட்டிக்குள்ள மீன் இருக்கா இல்லையான்னே தெரியல்ல. கண்ணாடி பூரா பச்சை" என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் பச்சைப் பூச்சு, கற்களின் மேல் தலைமுடி போலப் பாசி.

யாரோ சொன்னதைக் கேட்டு, பாசியைக் கொல்லும் மருந்து ஒரு புட்டி வாங்கி ஊற்றினார். மறுநாள் காலை இறால் இரண்டும் மிதந்தன. நத்தைகள் ஓட்டைவிட்டுத் தொங்கின. அன்று இரவே இரண்டு மீன்களும் போயின. இத்தகைய மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. இறால், நத்தை போன்றவற்றுக்குச் செம்பு கொடிய விஷம். மீன்கள் இறந்ததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஒரே நேரத்தில் செத்த பாசி முழுவதும் அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவை அது தின்றுவிடுகிறது. அவருடைய மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தே நாளில் பாசி மட்டும் திரும்பி வந்துவிட்டது!

பாசிக்கு வேண்டியவை வெளிச்சமும் உரமும்தான். உரம் என்பது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். மீனுக்குப் போடும் தீனியில் இரண்டுக்கும் மூலப்பொருள் இருக்கிறது. தின்னாத தீனியும் மீனின் கழிவும் முதலில் அம்மோனியா ஆகின்றன. கல்லிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதோடு வண்டி நின்றுவிடுகிறது. எங்கள் சரக்கு அலுவலகத்தில் வரவு மட்டும் பதிந்துகொண்டு ஒரு மூட்டையும் வெளியே அனுப்பாவிட்டால் கிடங்கு என்ன ஆகும்? அதே கதைதான் இங்கும்.

நண்பரின் தொட்டிக்குள் உரம் எந்த வழியாக வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். தீனி, நாளைக்கு நான்கு தடவை. வருகிற குழந்தைகள் போடுவது தனி. ஆனால் பெரிய குற்றவாளி வாளிதான். ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாகத் தினமும் கிணற்று நீர் ஊற்றி வந்தார். கிணற்றை ஒட்டி வாழைத்தோட்டம். ஆண்டு முழுவதும் எருவும் உரமும். சோதனைச் சொட்டு மருந்தில் பார்த்தபோது கிணற்று நீரிலேயே நைட்ரேட் தெரிந்தது. ஆவியாகிறபோது தண்ணீர்தான் போகும். உப்பும் உரமும் தங்கிவிடும். தினம் இரண்டு லிட்டர் வீதம் மூன்று மாதத்தில் எவ்வளவு சேரும் என்று வாசகர்களே கணக்குப் போடலாம்.

கடல்நீரும் சரியான இடத்திலிருந்து வரவில்லை. பூவாறில் நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகத்தருகே, அதுவும் மழைக்காலத்தில், கேனில் பிடித்து வந்திருக்கிறார். ஆறு கொண்டுவரும் வயற்சேறெல்லாம் அதில் இருக்கும். பொழிமுகத்தைவிட்டு விலகி, ஜனவரி முதல் மார்ச் வரையிலான தெளிந்த நாட்களில், ஏற்றத்தின்போது பிடிப்பது நல்லது. துணியில் வடிகட்டி, மூடி, இருட்டில் இரண்டு வாரம் வைத்துத் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். கடலுக்குப் போக முடியாதவர்கள் கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம், வீட்டு ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரில் கரைத்துக்கொள்ளலாம். சமையல் உப்பு ஆகாது. தினமும் நிரப்புவதற்கும் ஆர்.ஓ. நீர், அல்லது முதல் மழை கழிந்தபின் முற்றத்தில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீர்.

பிறகு செய்தவை சில்லறை வேலைகள். மேற்கு ஜன்னலருகே இருந்த தொட்டி உள்சுவருக்கு மாறியது. 12 மணி நேரம் எரிந்த விளக்கு 7 மணி நேரமாயிற்று. தீனி ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரந்தோறும் 50 லிட்டர் மாற்றம். பாசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டும்போதே ரப்பர் குழாயால் உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். சுரண்டி உள்ளேயே விட்டால் அது அழுகி மறுபடி உரமாகிவிடும். சோப்பு கூடவே கூடாது.

பாசி தின்னும் பிராணிகளின் அருமைக்குக் கடலே சாட்சி. 1983-ல் பனாமா அருகே தொடங்கிய ஒரு நோய், கரீபியன் கடலில் நீண்ட கரிய முட்களுடைய கடல் முள்ளெலிகளை ஓராண்டுக்குள் பெரும்பாலும் அழித்துவிட்டது. அவை மேயாததால் ஜமைக்கா முதலிய இடங்களில் பவளப் பாறைகளைப் பாசி மூடியது. நமது தொட்டிக்குப் பாசி தின்னும் சிறு நத்தைகள் ஐந்தாறு போதும். நமது கடலின் ஓரா மீனும் பாசி தின்னும். ஆனால் அது வளர்ந்தால் நாலடித் தொட்டி போதாது. அழகுக்காகக் கடலிலிருந்து பவளம் எடுத்து வைக்க நினைப்பவர்கள், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அறிய வேண்டும். கோமாளி மீனைக் கடலில் பிடிக்கவும் தேவையில்லை. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் அதைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

நண்பரின் தொட்டி தெளிய ஏழு வாரம் ஆயிற்று. நான்காம் வாரம் வரை மாற்றமே தெரியாமல், இன்னொரு மருந்துப் புட்டி வாங்கும் எண்ணம் அவருக்கு வந்ததும் உண்மை. மிஞ்சிய இரண்டு மீன்களும் இப்போது நலம். கண்ணாடியில் மெல்லிய பச்சை வாரம் ஒரு முறை வரத்தான் செய்கிறது, துடைத்துவிடுகிறார்.

சுரண்டிய பாசியை ஓடையிலோ கடலிலோ கொட்டலாகாது. மீன்தொட்டிகளில் அழகுக்கு வளர்த்த 'காலெர்ப்பா' என்ற பச்சைப் பாசி, 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் அடியில் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் அளவே காணப்பட்டது. பின்னர் அது பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் கரைகளுக்குப் பரவி மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரைப் பிடித்தது. 2000-ல் கலிபோர்னியாவிலும் அது தென்பட்டது. அங்கே பிளாஸ்டிக் விரிப்பால் மூடிக் குளோரின் செலுத்தி, 2006-ல்தான் ஒழித்தோம் என்றார்கள். நண்பர் தமது பாசியை மொட்டைமாடியில் சருகாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுகிறார்.