செக்ரோலில் ஏறாத நாய்கள்

புதுக்கன்று நட்ட தீம்பாருக்குள் விடியற்காலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் காட்டுப்பன்றியின் கைவரிசை தெரியும். முதல் நாள் மாலை வரிசை பிசகாமல் நின்ற செம்பனைக் கன்றுகள் மறுநாள் தாறுமாறாகச் சாய்ந்து கிடக்கும். அடியைக் கிளறிச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விடும் பன்றி. குருத்துப் போனால் கன்று போச்சு. காய்க்கிற மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்கித் தின்றால் ஆபீசில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கன்றைத் தொட்டால்தான் துரைக்குக் கோபம் வரும்.

நெகிரி செம்பிலானில் பாசோ என்றொரு காடு இருக்கிறது. சுற்றிலும் செம்பனைத் தோட்டம். 1990களில் அங்கே ஆய்வாளர்கள் பன்றிகளைக் கணக்கெடுத்தார்கள். சதுர கிலோமீட்டருக்கு 1996-இல் 47, 1998-இல் 27 என்று கணக்கு வந்தது. காட்டுக்கு இது மிக அதிகம். அடித்துத் தின்னும் புலி குறைந்துவிட்டது, செம்பனைப் பழமோ ஆண்டு முழுதும் கிடைக்கிறது. இதுதான் காரணம் என்றார்கள். குட்டி போடப் போகும் பெண்பன்றி நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளை ஒடித்துப் படுக்கை போடுகிறது என்பதையும் அவர்கள்தான் எண்ணிச் சொன்னார்கள். லயத்துப் பெரியவர்களிடம் கேட்டிருந்தால் எண்ணாமலே சொல்லியிருப்பார்கள்!

இந்தப் பன்றியைத் தோட்டத்திலிருந்து விரட்டியது யார்? துப்பாக்கி லைசென்ஸ் நம்மவர்களில் எத்தனை பேரிடம் இருந்தது? விரட்டியதெல்லாம் நம் ஆட்களும் அவர்கள் வளர்த்த நாய்களும்தான்.

சாதி நாய் ஒன்றுமில்லை, பழைய சோறும் கருவாட்டுத் தலையும் தின்று வளர்ந்த லயத்து நாய்கள். பத்து நாயில் ஒன்றோ இரண்டோதான் முன்னோடியாகத் தேறும். அது மோப்பம் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் போகும். பன்றியைக் கண்ட பிறகுதான் வாயைத் திறக்கும். பன்றி ஓடினால் ஒரு குரல், ஓட முடியாமல் திரும்பி நின்றுவிட்டால் வேறு குரல். பின்னால் வேல்கம்போடு பெலுக்காருக்குள் ஓடுகிற ஆளுக்கு இந்தக் குரல் வித்தியாசம்தான் உயிர். தவறாகக் கேட்டுவிட்டு முன்னால் போய் நின்றால் தொடை கிழிந்துவிடும். கூட்டத்தோடு திரியும் பன்றியைவிட ஒற்றைக் கிடா பொல்லாதது. அதன் கீழ்ப்பல்லை மேல்பல் தீட்டிக்கொண்டே இருக்கும், கத்தி தோற்றுப்போகும். கீழிருந்து மேலே ஒரே வீச்சு, நாயின் வயிறு திறந்துவிடும்.

அப்படி வயிறு கிழிந்த நாயைச் சாக்கில் போட்டுத் தூக்கிவந்து, கோணி ஊசியால் தைத்து, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசுவதை நாம் சிறுவயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். சில பிழைக்கும். பிழைத்தது அடுத்த மாதமே மறுபடி வேட்டைக்கு முன்னால் நிற்கும்.

கறி பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. வந்த ஆளுக்கு ஒரு பங்கு. முதலில் நிறுத்திய நாய் யாருடையதோ அவருக்கு நாய்ப்பங்கு என்று கூட ஒன்று. மலாய்க்காரர் வீடுகள் இருக்கும் பக்கமாகக் கறியைக் கொண்டுபோக மாட்டார்கள், தூரமானாலும் சுற்றித்தான் வருவார்கள். யாரும் சட்டம் போட்டுச் செய்ததல்ல அது.

இதெல்லாம் விளையாட்டு, பொழுதுபோக்கு என்றே தோட்ட நிர்வாகங்கள் பேசிவந்தன. நமக்கு இதில்தான் சம்மதமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். மறுநடவுத் தீம்பாரில் பன்றித் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குப் போன ஒரு மருந்து தெளிக்கும் தொழிலாளிக்குத் தொடையில் பன்றி குத்தி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். சொக்சோவுக்கு எழுதுங்கள் என்று ஆபீசுக்குப் போனோம்.

"அவன் கறி திங்கப் போனான், தோட்ட வேலைக்கா போனான்?" என்றார் கிராணி.

அந்தத் தொழிலாளியின் மனைவி நம்மிடம் சொன்னது வேறு: "அண்ணே, சனிக்கெழம பெரட்டுலதான் மண்டோர் சொன்னாரு, நாளைக்கு நாயக் கூட்டிக்கிட்டு எல்லாரும் வந்துடுங்கன்னு. இவரு மாட்டேன்னா சொல்ல முடியும்?"

மண்டோர் வாய் திறக்கவில்லை. அவருக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா, குறை சொல்ல மாட்டோம். பிறகு ஒரு கேள்வி கேட்டோம்: நாய்களைத் தீம்பாருக்கு ஏற்றிப்போனது யாருடைய லோரி? தோட்டத்து லோரி. ஓட்டுநரின் புத்தகத்தில் ஞாயிற்றுக்கிழமை, தீம்பார் நம்பர், எத்தனை மைல் எல்லாம் எழுதியிருந்தது. துரையின் உத்தரவில்லாமல் ஞாயிற்றுக்கிழமை லோரி ஓடுமா? அதற்குப் பிறகு 21-ஆம் பாரம் சொக்சோவுக்குப் போனது. அவர் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, சட்டப்படி கணக்கிடும் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைத்தது. அன்று செத்த இரண்டு நாய்களுக்கு யாரும் ஒரு வெள்ளிகூடத் தரவில்லை. அந்தக் கன்றுகள் இன்று குலை தள்ளுகின்றன.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப்பன்றியானாலும் பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வேட்டையாடக் கூடாது. சுருக்குக் கண்ணி அறவே கூடாது. இதை நாம் வரவேற்கிறோம். கண்ணிக்குப் பன்றி, மான், புலி, நம் நாய் என்ற பேதம் தெரியாது. கம்பி காலில் இறுகி மூன்று நாள் கத்திச் செத்த நாயைப் பார்த்தவர்கள் கண்ணியை ஆதரித்துப் பேசமாட்டார்கள்.

போதாக்குறைக்கு 2021-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. சபாவில் தொடங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் தீபகற்பத்திலும் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றாது, ஆனால் காட்டுப்பன்றி கூட்டம் கூட்டமாகச் சாகும். பன்றி குறைந்தால் புலி எதைத் தின்னும்? நாட்டில் காட்டுப்புலி 150-க்கும் குறைவு என்கிறார்கள். பன்றி கிடைக்காத புலி மாட்டையும் நாயையும் தேடித் தோட்டத்துக்கு வரும். காட்டோரத் தோட்டத்தில் விடியுமுன் வேலைக்கிறங்கும் ஆட்கள் இதை மறந்துவிடக் கூடாது.

வேட்டைக்காரர்களும் குறைந்துவிட்டார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது நம்மவர்கள் மலிவுவிலை அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே நாய்க்கு இடமில்லை. சாமான் ஏற்றிய லோரிக்குப் பின்னால் மெயின்ரோடு வரை ஓடிவந்து, திரும்பிப்போய் வெறும் லயத்துப் படியில் படுத்துக்கொண்ட நாய்களை நாம் கண்ணால் கண்டோம். சோறு வைக்க வாரம் ஒருமுறை சைக்கிளில் போய்வந்த ஒரு பெரியவரையும் தெரியும். பன்றியை நிறுத்துவதில் பெயரெடுத்தது அவருடைய நாய்.

இன்று அதே தீம்பார்களில் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நிற்கிறார்கள். 1.1.2019 முதல் அவர்களுக்கும் வேலையிட விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பலருக்கு அது தெரியாது, பக்கத்தில் வேலை செய்யும் நீங்கள் சொல்லுங்கள். பன்றி விரட்டவோ காவல் இருக்கவோ ஆபீஸ் கூப்பிட்டால், அதை வேலையாகச் செக்ரோலில் எழுதச் சொல்லுங்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். அடிபட்டால் உடனே ஆபீசில் சொல்லிவிடுங்கள், தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்தாக வேண்டும். முடியாது என்று கைவிரித்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். வரும்போது லோரி நம்பரையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.