'சூட்டிங் பிறேக்' என்றால் என்ன?

சில ஆண்டுகளுக்கு முன்னர், மேல்வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கில மோட்டார்ச் சஞ்சிகையொன்றைக் கையிலேந்தி எம்மிடம் வந்தான். கல்லூரித் தமிழ் மன்றத்தின் கையெழுத்துச் சஞ்சிகைக்கெனப் பழைய கார்களைப் பற்றிய கட்டுரையொன்றை அவன் தமிழாக்கிக்கொண்டிருந்தான். 'சூட்டிங் பிறேக்' என்னுந் தொடர் அவனை வழிமறித்து நின்றது. நாமோ அகராதியைப் புரட்டும் பொறுமையுமின்றி, பிறேக் என்பது வண்டியை நிறுத்துங் கருவி, சூட்டிங் என்பது துப்பாக்கி வேட்டு, ஆகவே வேட்டுப்போற் சடுதியாகப் பிடிக்கும் பிறேக் என்று தீர்ப்பளித்தோம். சஞ்சிகை மன்றத்தில் வாசிக்கப்பட்டபோது அவ்வாக்கியம் இவ்வாறு ஒலித்தது: "பிரபுவின் நாய்கள் இரண்டும் சடுதித் தடையின் பின்புறத்தில் ஏறிப் படுத்துக்கொண்டன." சபையிற் பெருஞ்சிரிப்பு எழுந்தது. சிரிப்புக்கு இலக்கானவன் மாணவன், பிழையோ எம்முடையது. அன்று எழுந்து அதனைச் சொல்லாதிருந்துவிட்டோம். அக்கடனை இம்மலரிலே தீர்க்க விரும்புகின்றோம்.

விடை அவ்வாக்கியத்திலேயே இருந்தது. நாய்கள் ஏறிப் படுப்பதற்குப் பின்புறமும் இடமும் உடையது ஒரு கருவியாக இருத்தல் எங்ஙனம்? அது வண்டியாகவே இருத்தல் வேண்டும். சொல்லைப் பிரித்த நாம், சொல் நின்ற இடத்தைப் பார்க்கவில்லை.

தமிழிலே பிறேக் என்று ஒரே வகையாய் எழுதுகின்றோம். ஆங்கிலத்தில் இவ்வொலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள் உள. ஒன்று தடுத்தற் கருவியைக் குறிப்பது, மற்றையது முறித்தலைக் குறிப்பது. பழைய குதிரை வண்டியொன்றின் பெயர் இவ்விரண்டு வகையாலும் எழுதப்பட்டு வந்தது. அதன் பொருள் முறித்தலோடு சார்ந்தது. ஆயினும் ஆங்கிலேயர் குதிரையை 'முறிப்பது' என்பது காலை ஒடிப்பதன்று. இளங்குதிரையைக் கடிவாளத்துக்கும் வண்டிச் சுமைக்கும் பழக்குவதாகும். நாம்பனை வண்டியிற் பூட்டிப் பழக்குகின்றோம் என்று நம் கமக்காரர் சொல்வது இதற்கு நேரானது. அவ்வாறு பழக்குதற்கெனக் கூடு இல்லாத, பாரமான, உயர்ந்த சாரதி ஆசனமுடைய வண்டிச் சட்டமொன்று இருந்தது. குதிரை உதைத்தாலும் உடையாது. வெருண்டாலும் இலகுவில் இழுத்துக்கொண்டு ஓடவியலாது. பின்னர், இருமருங்கும் ஆசனங்களுள்ள பெரிய திறந்த வண்டிகளுக்கும் அப்பெயரே வழங்கலாயிற்று.

இனி, சூட்டிங். பிரித்தானியாவில் 'ஹன்டிங்' என்பது பெரும்பாலும் குதிரையேறி வேட்டைநாய்களோடு நரியைத் துரத்துவதைக் குறித்து வந்தது. துப்பாக்கியாற் காட்டுப் பறவைகளை வீழ்த்துவதே 'சூட்டிங்'. நாட்டுப்புற மாளிகைகளில் விருந்தினரையும், துப்பாக்கிகளையும், நாய்களையும், வீழ்த்திய பறவைகளையும், நண்பகல் உணவுக் கூடைகளையும் ஒருங்கே ஏற்றிச் சென்ற வண்டியே சூட்டிங் பிறேக். மோட்டார் வந்தபோது குதிரை போயிற்று; பெயர் போகவில்லை. காரின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தாற் கூடு கட்டி, பின்னே கதவு வைத்து, அதே பெயரால் அழைத்தனர்.

1953 முதல் 1971 வரை செய்யப்பட்ட மொறிஸ் மைனர் ட்ரவலர் அம்மரபின் எளிய வாரிசு. அதன் பின்புறத்து மரச்சட்டம் அலங்காரமன்று; கூட்டைத் தாங்குவதே அதுதான். உளுத்துப்போனால் கார் பழுது என்பதை அதனை வைத்திருந்தோர் அறிவர். இவ்வகைக் காருக்குப் பிரித்தானியாவில் நிலைத்த பெயர் 'எஸ்டேட் கார்'. எஸ்டேட் என்றவுடன் நமக்கு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டந்தான் நினைவுக்கு வரும். அங்கோ அது நிலவுடைமையாளரின் மாளிகையுஞ் சூழ்ந்த நிலமும். அமெரிக்கர், புகையிரத நிலையத்திலிருந்து ஆட்களையும் பொதிகளையும் ஏற்றிவந்ததனால், 'ஸ்டேஷன் வாகன்' என்றனர். பிரெஞ்சுக்காரர் இன்றும் இத்தகைய காரை 'பிறேக்' என்றே அழைக்கின்றனர்; எழுத்துக்கூட்டல், முறித்தலுக்குரியது!

காலம் மாறப் பொருளும் நகர்ந்தது. 1960களில் ஹரல்ட் ரட்போர்ட் என்னுங் கூடுகட்டும் நிறுவனத்தார் அஸ்டன் மார்ட்டின் டி.பி. 5 என்னும் விரைவுக் கார்கள் சிலவற்றின் கூரையைப் பின்னோக்கி நீட்டிப் பின்கதவு அமைத்தனர். அதுமுதல், பக்கக் கதவு இரண்டும் நீண்ட கூரையுமுடைய ஒயிலான காரென்ற பொருள் வலுத்தது. 2012இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் சீ.எல்.எஸ். காரின் நீள்கூரை வடிவத்துக்கு இப்பெயரைச் சூட்டினர்; அதற்கோ பக்கக் கதவுகள் நான்கு. ஆதலால் மோட்டார் எழுத்துக்களில் இத்தொடரைக் காணும் மாணவர், கட்டுரை எக்காலத்துக் காரைப் பேசுகின்றதென்பதை முதலிற் பார்த்துக்கொள்ளல் நன்று.

அம்மாணவன் காட்டிய கட்டுரை 1930களின் மரக்கூட்டுக் காரொன்றைப் பற்றியது. இன்று பழைய மாணவனாகிவிட்ட அவன், எங்கிருந்தேனும் இம்மலரைப் படிப்பானாயின், தன் வாக்கியத்தை இவ்வாறு திருத்திக்கொள்வானாக: "பிரபுவின் நாய்கள் இரண்டும் வேட்டை வண்டியின் பின்புறத்தில் ஏறிப் படுத்துக்கொண்டன."