மாமல்லபுரத்தில் 11 யுத்தங்கள்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் பஞ்ச ரதங்களைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கல்லில் குடைந்த ரதங்கள். பக்கத்திலேயே கம்பீரமாகக் கல் யானை. குதிரையைத்தான் காணோம்! அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ, 2022-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு குதிரை அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. வேட்டி கட்டி, சட்டை போட்டு, இரு கைகளையும் கூப்பி எல்லோருக்கும் வணக்கம் சொல்லிற்று. அதன் பெயர் 'தம்பி'.

44-வது செஸ் ஒலிம்பியாட் பந்தயத்தின் சின்னம் அது. உலகெங்கும் 180-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஜூலை 29 முதல் ஆகஸ்டு 9 வரை, நடுவில் ஒரு நாள் ஓய்வு போக, 11 நாள் யுத்தம். ஒவ்வொரு அணியிலும் களத்தில் நால்வர். ஓய்வு கொடுக்க ஐந்தாவதாக ஒருவர். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனால் யுத்தம் இல்லாமலும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சதுரங்கம் என்ற பெயரிலேயே சைன்யம் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய நான்கு அங்கங்கள் கொண்ட படைதான் சதுரங்கம். அந்தப் படையைச் சின்னஞ்சிறு காய்களாகச் செய்து, எட்டுக்கு எட்டு கட்டம் போட்ட பலகையில் நிறுத்தி நம் முன்னோர் போர் நடத்தினார்கள். இந்த ஆட்டத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று, ஹர்ஷ சக்கரவர்த்தியின் சரித்திரத்தை எழுதிய பாணபட்டருடையது. ஹர்ஷருடைய ராஜ்யத்தில் நாற்படை அணிவகுப்பைப் பலகையில்தான் பார்க்கலாம் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். நாட்டில் அவ்வளவு சமாதானமாம்! ஆஸ்தானப் புலவர் வேறு எப்படி எழுதுவார்?

உண்மையில் அந்த நூற்றாண்டில் யுத்தத்துக்குக் குறைவே இல்லை. ஹர்ஷரை நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி. அந்தப் புலிகேசியை முறியடித்தவன் நரசிம்மவர்ம பல்லவன். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மாமல்லன். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று போர்க்களங்களைக் கூரம் செப்பேடு சொல்லுகிறது. மணிமங்கலம் எங்கோ தூர தேசத்தில் இல்லை. தாம்பரத்துக்குப் பக்கத்தில், பழைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர். ஏரியும் வயலுமாக இருக்கும் அந்தப் பக்கத்தில்தான் நிஜமான யானைகளும் நிஜமான குதிரைகளும் மோதிக்கொண்டன. பிறகு பல்லவ சேனை வாதாபி வரை சென்றது. அது சுமார் 642-ம் ஆண்டில்.

பலகைச் சேனையோ அதைவிட நெடுந்தூரம் போயிற்று. பாரசீகம் போய், அராபியர் கையில் ஏறி, ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. போன இடத்தில் வேஷம் மாறியது. ராஜாவுக்குப் பக்கத்தில் நின்ற மந்திரி, ஒரு கட்டம் மூலைவாட்டில் நகரத்தான் அதிகாரம் பெற்றிருந்தவர். 15-ம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் பலகை முழுவதும் பாய்கிற ராணியாகிவிட்டார். யானை இங்கிலாந்தில் பாதிரியார் ஆயிற்று. நாம் இன்று யானை என்கிற மூலைக் காய் ஆதியில் தேர்தான்.

ஆட்டமாகப் போனது, போர்ப் பயிற்சியாகவும் மாறியது. 1824-ல் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் வரைபடத்தின் மேல் சிறு சிறு கட்டைகளைப் படைகளாக நகர்த்தி யுத்தம் பழகினார்கள். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்தும் விளையாட்டுக்கு ஒரு புத்தகமே எழுதினார். நிஜப் போரைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே முதல் உலக யுத்தம் மூண்டது.

2022-லும் அப்படித்தான். ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடப்பதாக இருந்தது. பிப்ரவரி 24-ந் தேதி ருஷியப் படை உக்ரேனுக்குள் புகுந்தது. பந்தயத்தை ருஷியாவிலிருந்து எடுத்துவிட்டார்கள். ருஷிய அணிக்கும் இடம் இல்லை. மார்ச் மாதத்தில் நமக்குச் சீட்டு விழுந்தது. நாலு மாதத்தில் எல்லா ஏற்பாடும் முடிந்தது. சென்னை நேப்பியர் பாலத்துக்குக்கூடக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை. நம் விசுவநாதன் ஆனந்த் சிறுவயதில் ஆடிப் பழகிய தால் சதுரங்கக் கழகம் சென்னை ருஷியக் கலாசார மையத்தில்தான் இருந்தது. வித்தை வளர இடம் கொடுத்தவர்கள், விழாவுக்கு வர முடியவில்லை.

ஆட்டத்துக்கு வருவோம். இந்தியாவின் இரண்டாவது அணியில் முதல் பலகையில் உட்கார்ந்தவர் சென்னைப் பையன் குகேஷ். வயது 16. தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றி! எட்டாவதில் தோற்றவர் அமெரிக்காவின் கருவானா. ஒன்பதாவது சமன். பத்தாவது சுற்றில் எதிரே உஸ்பெக்கிஸ்தான். பலகைக்கு அப்பால் 17 வயது அப்துசத்தோரோவ். குகேஷ் கை ஓங்கியிருந்தது. மணிக்கணக்கில் நீண்ட அந்த ஆட்டத்தில், நேரம் குறைந்துபோன நெருக்கடியில் ஒரு பிழை. அவ்வளவுதான், கையிலிருந்த ஆட்டம் போயிற்று. பிரக்ஞானந்தா வென்றதால் மோதல் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. தங்கம் உஸ்பெக்கிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் நம் இளைஞர்களுக்கு. முதல் பலகையின் தனிப்பட்ட தங்கம் என்னவோ குகேஷுக்கே கிடைத்தது. ஆனாலும் இரவு படுத்தால் அந்த ஒரு நகர்த்தல் கண்ணுக்கு முன்னால் வராமலா இருந்திருக்கும்? 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் இந்தியா இரண்டு பிரிவிலும் தங்கம் வாங்கியது. டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

மாமல்லபுரத்தில் பெண்கள் பிரிவின் கதை இன்னும் உருக்கமானது. ஹம்பி, வைஷாலி, தானியா, பக்தி ஆகியோருடன் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹரிகாவும் வந்து ஆடினார். கடைசிச் சுற்று தொடங்கும்போது நம் பெண்கள்தான் முதலிடம். அமெரிக்கா அவர்களைத் தோற்கடித்தது. வெண்கலம் மிஞ்சிற்று, பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம்.

தங்கம் உக்ரேன் பெண்களுக்குப் போயிற்று. அவர்கள் இங்கே மரக்காய்களை நகர்த்திக்கொண்டிருந்தபோது அங்கே அவர்கள் ஊர்களில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கே போர் என்று பந்தயம் இடம் மாறி வந்ததோ, அந்த நாட்டுப் பெண்கள் கழுத்தில் பதக்கம் ஏறியது.

இங்கிலாந்துக்காரர் பாதிரியாராக்கிய அந்தக் காயை, உக்ரேன் மொழியில் இன்றும் யானை என்றுதான் சொல்கிறார்கள்.